ரொட்டி மாவு பிசைந்தது 16 மணி நேரம்கூட இல்லை: ஸ்டாண்ட் மிக்சர் உத்தரவாத மறுப்பை எதிர்த்துப் புகார்

அனுப்புநர்:
ஸ்டாண்ட் மிக்சர் வாங்கிய வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 6.5 லிட்டர் ஸ்டாண்ட் மிக்சரில் கியர் தேய்ந்து உடைந்தது. உத்தரவாதக் காலத்திலேயே பழுதுநீக்க மறுத்தது தொடர்பாக

ஐயா,

வணக்கம். மேசையில் நின்றபடியே தன் பாத்திரத்தில் மாவு பிசையும் உங்கள் ஸ்டாண்ட் மிக்சரைப் பதினைந்து மாதங்களுக்கு முன் வாங்கினேன். சென்ற மாதம், ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருக்கும்போதே அதன் பிசையும் கொக்கி நின்றுவிட்டது. இரண்டு ஆண்டு உத்தரவாதத்தில் இன்னும் ஒன்பது மாதம் மீதமிருக்கிறது. ஆனால் உங்கள் சேவை மையம், ‘அதிகச் சுமை, தொடர் பயன்பாடு’ என்று ஒற்றை வரி எழுதி இயந்திரத்தை ஓரமாக வைத்துவிட்டது. அந்த வரியை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை எழுதுகிறேன். பொறுப்பில் உள்ள ஒருவராவது இதை முழுவதும் படிக்க வேண்டும்.

நான் இதை அவசரப்பட்டு வாங்கவில்லை. கேக் மாவும் கிரீமும் அடிப்பதற்கு இவ்வளவு பெரிய இயந்திரம் தேவையில்லை; கையில் பிடித்து அடிக்கும் சின்ன மிக்சரே போதும். ஸ்டாண்ட் மிக்சரின் உண்மையான சோதனை ரொட்டி மாவுதான். அது மற்ற மாவுகளைப் போல வழிந்து விலகாது, இறுகிக்கொண்டு கொக்கியை எதிர்க்கும். வாரம் இருமுறை ரொட்டி செய்வது எங்கள் வீட்டு வழக்கம். மணிக்கட்டு வலி வந்த பிறகு கையால் பிசைவது முடியாமல் போனது. அதனால்தான், வாங்குவதற்கு முன்பே உங்களுக்கு எழுதி நான்கு கேள்விகள் கேட்டேன். ஒரு தடவைக்கு எவ்வளவு மாவு? தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம்? உள்ளே இருக்கும் கியர்கள் உலோகமா? உதிரிபாகம் கிடைக்குமா?

உங்கள் பதில் இரண்டே நாளில் வந்தது. பிசைந்த நிலையில் இரண்டு கிலோ வரை தாங்கும், ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு ஓய்வு கொடுத்தால் போதும், உள்ளே முழுவதும் உலோகம், வாரத்தில் பல முறை ரொட்டி செய்பவர்களை மனதில் வைத்தே வடிவமைத்தது என்று எழுதியிருந்தீர்கள். அதன் நகலை இணைத்திருக்கிறேன். நான்காவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

இனி ‘அதிகச் சுமை’ என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ரொட்டி செய்யும் ஒவ்வொரு நாளும் அளவுகளை நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். மாவு 750 கிராம். தண்ணீர் அதில் 62 சதவீதம், அதாவது 465 கிராம். உப்பு 15, ஈஸ்ட் 5. எல்லாம் சேர்த்து 1,235 கிராம். நீங்கள் சொன்ன இரண்டு கிலோவில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. வேகம் எப்போதும் இரண்டாம் எண்ணைத் தாண்டியதில்லை. நான்கு நிமிடம் ஓட்டி, இருபது நிமிடம் மூடி வைத்து, மறுபடி நான்கு நிமிடம் ஓட்டுவேன். அந்த இருபது நிமிடத்தில் மாவு தண்ணீரை முழுதாக உறிஞ்சி, தானாகவே இழுபடும் பதத்துக்கு வந்துவிடும். மாவுக்கும் நல்லது, இயந்திரத்துக்கும் நல்லது. இப்படிப் பிசைந்தது மொத்தம் 118 முறை. பெருக்கிப் பாருங்கள்: 944 நிமிடம். பதினாறு மணி நேரத்துக்குப் பதினாறு நிமிடம் குறைவு. இரண்டு ஆண்டு உத்தரவாதம் தந்த இயந்திரம் தன் தலையாய வேலையைச் செய்த மொத்த நேரம் அவ்வளவுதான்.

பழுது திடீரென்று வரவும் இல்லை. நூற்றுப்பத்தாவது முறை பிசைந்தபோதே ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அன்றே உங்கள் சேவைப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்தேன். கிரீஸ் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள். அழைத்த தேதியும் நேரமும் என் நோட்டில் இருக்கின்றன. நூற்றுப்பதினெட்டாவது முறை, இரண்டாவது நான்கு நிமிட ஓட்டத்தின் மூன்றாம் நிமிடத்தில் கரகரவென்று அரைபடும் ஓசை எழுந்தது. அடுத்த கணம் மோட்டார் பாரம் விலகியதுபோலக் கீச்சென்று ஓட, கொக்கி மட்டும் மாவுக்குள் அசையாமல் நின்றது. நான் சுவிட்சை அணைத்துவிட்டு, மீதியை வலிக்கும் கையால் கால் மணி நேரம் பிசைந்து முடித்தேன்.

சேவை மையத்தில் என் கண்ணெதிரே திறந்து காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அந்தத் தொழில்நுட்பர் மறுக்காமல் திறந்தார். அவருக்கு என் நன்றி. வெளியே இருந்த கூடு கனமான உலோகம்தான். உள்ளே, எஃகுப் பற்களோடு இணைந்து சுழல வேண்டிய இடத்தில் இருந்ததோ ஒரு வெள்ளை நைலான் கியர். அதில் அடுத்தடுத்து ஏழு பற்கள் கத்தியால் சீவியதுபோல வழவழப்பாகப் போயிருந்தன. மஞ்சள் கிரீஸுக்குள் வெள்ளைத் துகள்கள் ரவை தூவியதுபோலக் கலந்து கிடந்தன. விரலால் தொட்டுப் பார்த்தேன், நறநறத்தது. ‘உள்ளே முழுவதும் உலோகம்’ என்று எழுதியவர் இந்த இயந்திரத்தை ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்கிறாரா?

உங்கள் கையேடு இன்னொரு விஷயமும் சொல்கிறது. அதிகச் சுமை வந்தால் மோட்டார் சூடேறுவதற்கு முன் பாதுகாப்பு அமைப்பு தானாகவே நிறுத்திவிடுமாம். இந்தப் பதினான்கு மாதப் பயன்பாட்டில் அது ஒருமுறைகூட நிறுத்தவில்லை. கியர் உடைந்த நாளிலும் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீங்களே பொருத்திய பாதுகாப்பு அமைப்பு சுமை அதிகம் என்று சொல்லாதபோது, இயந்திரத்தை நான் ஓட்டியதைப் பார்த்திராத சேவை மையம் எதை வைத்துச் சொல்கிறது?

‘தொடர் பயன்பாடு’ என்பது எனக்கு இன்னும் வேதனை தருகிறது. வாரம் இருமுறை, எட்டெட்டு நிமிடம்: இது வீட்டு உபயோகம் இல்லையென்றால் வேறு எது? நீங்கள் அனுப்பிய அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தில் மூன்று முழு ரொட்டிகள் இருக்கின்றன.

பெட்டியில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது ‘1500 வாட்’. வாங்குபவர் அதைப் பலம் என்று நினைத்துக்கொள்கிறார். அது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவு; கொக்கியின் முனையில் எவ்வளவு விசை வந்து சேர்கிறது என்பதை அது சொல்வதில்லை. 300 வாட் அளவிலேயே ஆண்டுக்கணக்காக ரொட்டி மாவு பிசையும் மிக்சர்கள் உண்டு. வேகமாகச் சுழலும் மோட்டாரின் ஓட்டத்தைக் குறைத்து விசையாக மாற்றித் தருவது கியர்கள்தான். மாவின் எதிர்ப்பு முழுவதும் வந்து விழுவது அந்தப் பற்களின் மேல். கொக்கி தானும் சுழன்று, பாத்திரத்தையும் சுற்றிவரும் இந்த அமைப்பு நேற்று வந்த புதுமையும் இல்லை. ஹோபார்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் மின்சார ஸ்டாண்ட் மிக்சரை உருவாக்கியது 1908இல். வீட்டுக்கான கிச்சன்எய்ட் மிக்சர் வந்தது 1919இல். எந்தப் பாகம் எங்கே தேயும் என்பது நூறு ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம்.

கியர் தேயக்கூடாது என்று நான் வாதிடவில்லை. மோட்டாரைக் காப்பாற்றுவதற்காகவே ஒரு கியரை மற்றவற்றைவிட மென்மையாக அமைப்பது இந்தத் தொழிலில் ஒப்புக்கொண்ட முறைதான். அப்படி அமைப்பவர்கள் அந்தக் கியரைத் தனியாக விற்கிறார்கள். பழைய கிரீஸைத் துடைத்து, புதிது பூசி, கியரை மாற்றினால் இயந்திரம் மறுபடியும் ஆண்டுக்கணக்கில் ஓடும். உங்கள் மையத்தில் அந்தக் கியர் தனியாகக் கிடைக்காதாம். மோட்டாரோடு சேர்ந்த முழுப் பகுதியையும் மாற்ற வேண்டுமாம். அதற்குக் கேட்கும் தொகை புது இயந்திரத்தின் விலையில் பாதிக்கு மேல். நன்றாக ஓடும் ஒரு மோட்டாரை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு நைலான் துண்டுக்காகக் குப்பையில் போடச் சொல்கிறீர்கள். நான்காவது கேள்விக்கு ஏன் பதில் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் கேட்பது இதுதான். நீங்கள் எழுத்தில் உறுதியளித்தபடி உலோகக் கியர் பொருத்தி, இயந்திரத்தைக் கட்டணமின்றிச் சரிசெய்து தாருங்கள். அது முடியாதென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இதே நைலான் கியர் உள்ள இன்னொரு இயந்திரத்தைத் தந்து கணக்கை முடிப்பதை ஏற்க மாட்டேன்; இன்னொரு பதினாறு மணி நேரத்துக்குப் பிறகு இதே கடிதத்தை மறுபடி எழுத எனக்கு விருப்பமில்லை.

அதோடு, அட்டைப்பெட்டியின் மேல் நான்கு வரிகள் அச்சிடுங்கள்: ஒரு தடவைக்குப் போடக்கூடிய உலர் மாவின் எடை, கொக்கியோடு தொடர்ந்து ஓட்டக்கூடிய நிமிடம், கியர்கள் எதனால் ஆனவை, உதிரிபாகங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும். ரொட்டிக்காக மிக்சர் தேடுபவர் கடையில் நிறத்தையும் பாத்திரத்தின் அளவையும் வாட்டையும் மட்டுமே பார்க்க முடிகிறது. இயந்திரம் உழைக்குமா என்பதைச் சொல்லும் இந்த நான்கையும் அவர் எங்கே போய்ப் பார்ப்பார்? கேட்டுத் தெரிந்துகொண்ட எனக்கே இந்த நிலைமை.

வாங்கிய ரசீது, உங்கள் பதில் கடிதம், என் நோட்டின் 118 பதிவுகள், திறந்தபோது எடுத்த படங்கள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் அனுப்புகிறேன். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால் இதே ஆவணங்களுடன் நுகர்வோர் குறைதீர்க்கும் அமைப்பிடம் செல்வேன். இயந்திரம் உங்கள் சேவை மையத்திலேயே இருக்கிறது. பற்கள் போன அந்தக் கியரை மட்டும் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு நான் எடுத்து வந்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் யாராவது பார்க்க விரும்பினால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன். இந்தப் புகார் முடியும்வரை அதை யாரிடமும் ஒப்படைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்