தங்கச்சியின் பருப்புப்பொடிக்கு ஒரு லேபிள்

சிவகாசி
ஞாயிறு காலை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. காலண்டர் சீசன் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியான நாளிலிருந்து மெஷின் நிற்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அரை நாளாவது வா என்கிறார் முதலாளி, நானும் போய்க்கொண்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

தங்கச்சி பருப்புப்பொடி வியாபாரம் தொடங்கப் போகிற செய்தியை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எல்லோருக்கும் சந்தோஷம். போன பொங்கலுக்கு நீ கொண்டுவந்த பொடியின் வாசம் இன்னும் அந்த டப்பாவில் இருக்கிறது என்கிறாள் என் மனைவி. லேபிள் நான் அடித்துத் தருகிறேன், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் "ஆளை இழுக்கிற மாதிரி ஒரு பேரும் டிசைனும் யோசித்து வை, மற்றதெல்லாம் அப்புறம்" என்று எழுதியிருக்கிறாய் பார், அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 38 வருஷம் மற்றவர்களுடைய லேபிளை அடித்தவன் என்ற முறையில் பேசுகிறேன்.

உங்கள் வீட்டுத் திண்ணையில் நாம் தீப்பெட்டி ஒட்டினோமே, நினைவிருக்கிறதா? பள்ளிக்கூட லீவு விட்டால் அதுதானே வேலை. உங்கம்மா காய்ச்சிய பசை விரலில் காய்ந்து, தோலோடு உரிந்து வரும். ஒரு வாரம் கிளிப் படம் போட்ட லேபிள், அடுத்த வாரம் வேறு படம். ஏஜெண்ட் எந்தக் கட்டைக் கொடுக்கிறாரோ அதை ஒட்டினோம். குச்சி அதே குச்சி, மருந்தும் அதே மருந்து. பெட்டி போகிற ஊருக்குத் தகுந்தபடி படம் மாறியது, அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத ஆள்கூடக் கடையில் வந்து "அந்தக் கிளி மார்க் கொடு" என்று கேட்கட்டும் என்பதற்காகப் போட்ட படம் அது. நம் ஊர் அச்சுத்தொழில் வளர்ந்த கதையே இதுதானே. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது, லேபிளுக்காக அச்சு மெஷின் வந்தது. இன்று எனக்குச் சோறு போடுவது அந்த லேபிள்தான். அதனால் மார்க், பிராண்டு என்பதையெல்லாம் நான் குறைவாகப் பேசமாட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும், வெகுநாளாக மனசில் கிடக்கிறது. சோப்பு அட்டைப்பெட்டி அடிக்கும்போது சயான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று கலருக்கு ஒரு அச்சுத்தகடாக நாலு பிளேட் போடுவோம். முன்பக்கத்துப் பூவும் பெண்ணின் முகமும் பளபளப்பும் முதல் மூன்றில் வந்துவிடும். எடை, விலை, முகவரி மாதிரியான சின்ன எழுத்தெல்லாம் கறுப்பு பிளேட்டில் மட்டும்தான். ஒரு பார்ட்டிக்கு வருஷக்கணக்காக நாங்கள்தான் பெட்டி அடித்தோம். திடீரென்று ஒருநாள் ஜாப் கார்டில் "டிசைன் பழையது, கறுப்பு மட்டும் புது பிளேட்" என்று எழுதி வந்தது. வாங்கிப் பார்த்தேன். 125 கிராம் 115 ஆகியிருந்தது. விலை மாறவில்லை. பஞ்சிங் டையும் அதே டை, அதாவது பெட்டியின் அளவு இம்மியும் குறையவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி கறுப்பு மட்டும் புது பிளேட், இந்த முறை 100 கிராம். கடையில் கையில் எடுத்துப் பார்க்கிறவளுக்கு எதுவும் தெரியாது. அதே பூ, அதே முகம், அதே பெட்டி. முதல் மூன்று பிளேட்டும் பழையபடியே இருக்க, நாலாவது மட்டும் மாறியது எனக்குத் தெரியும், மெஷின்மேனுக்குத் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேசாமல் இருந்தேன். சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை, எண் சரியாகத்தான் அச்சாகியிருந்தது. என்றாலும் அந்தப் பெட்டியைக் கையில் எடுக்கப்போகிற நம் வீட்டுப் பெண்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

தீப்பெட்டிக்காரர்கள் 2021 டிசம்பரில் ஒரு ரூபாய்ப் பெட்டியை இரண்டு ரூபாய் ஆக்கினார்கள். 14 வருஷம் ஒரே விலையில் ஓட்டிவிட்டு, கூட்டம் போட்டுப் பேசி, பேப்பரில் சொல்லிவிட்டு ஏற்றினார்கள். நாலு பேர் முணுமுணுத்தார்கள், அப்புறம் வாங்கினார்கள். மூலப்பொருள் விலை ஏறினால் வியாபாரி என்ன செய்வான்? ஏற்றட்டும். சொல்லிவிட்டு ஏற்றட்டும் என்கிறேன்.

அந்தச் சோப்புப் பெட்டி மாறிய நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எதை வாங்கினாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிவிடுவேன். முன்பக்கத்தில் கம்பெனி தான் சொல்ல விரும்புவதைச் சொல்லிக்கொள்கிறது. பின்பக்கத்தில் இருப்பது சட்டம் கேட்டு வாங்கிய பதில். போன மாதம் பேத்திக்கு ஒரு பாதாம் மிக்ஸ் வாங்கப் போனேன். முன்னால் உரித்த பாதாம் குவியலாக, பாலில் மிதக்கிற மாதிரி படம். நல்ல பிரிண்டிங், ஒரு கலர் மேல் இன்னொரு கலர் ஒரு முடிகூட விலகாமல் விழுந்திருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னால் திருப்பினால் பொருள் பட்டியலில் முதல் பெயர் சர்க்கரை. எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பாதாம் எங்கேயோ பின்னால், பக்கத்திலேயே ஒற்றை இலக்கத்தில் ஒரு சதவீதம். வைத்துவிட்டு நாட்டுமருந்துக் கடையில் 100 கிராம் பாதாம் வாங்கிக்கொண்டு வந்தோம். என் மனைவி ஊறவைத்து அரைத்தாள், பேத்தி இரண்டு டம்ளர் குடித்தாள்.

சோப்பிலும் அப்படித்தான். 'டாய்லெட் சோப்பு' என்று போட்டிருக்கிறதா, 'பாத்திங் பார்' என்று போட்டிருக்கிறதா என்று பார். டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும், சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் அளவு அது. முதல் தரச் சோப்புக்குக் குறைந்தது 76 சதவீதம் இருக்க வேண்டும், மூன்றாம் தரத்துக்கு 60 போதும். பாத்திங் பாருக்கு அதைவிடக் குறைவு, 40 இருந்தாலே ஆயிற்று. நடிகை தேய்த்துக் குளிக்கிற சோப்பு எந்தத் தரம் என்று இவ்வளவு காலம் நம்மில் யாராவது கேட்டோமா? சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலை என்றும் போடச் சொல்லிவிட்டார்கள். அந்த எண்ணை வைத்து என் மனைவி ஷாம்பு பாட்டிலையும் ஒரு ரூபாய் சாஷேயையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். நாங்கள் வாங்குகிற ஷாம்பில் சாஷேதான் மில்லிக்கு மலிவு. பெரியதாக வாங்கினால் லாபம் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம். இப்போது குளியலறையில் சாஷே மாலைதான் தொங்குகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு பிராண்டு என்றாலே ஏமாற்று என்கிறான் என்று நினைத்துவிடாதே. தீபாவளி வந்தால் அணில் மார்க் வெடி, சேவல் மார்க் வெடி என்று பேர் சொல்லித்தானே கேட்டோம்? திரி ஒரே சீராக எரியும், கையில் வெடிக்காது என்ற நம்பிக்கை அது. வருஷா வருஷம் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்து வந்த நம்பிக்கை. பல வருஷத்துக்கு முன்னால் வெளியூர் ஆள் ஒருவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். நல்ல பேர் எடுத்த ஒரு டீத்தூளின் கவரை மேஜைமேல் வைத்து, "இதே கலர், இதே எழுத்து, நடுவில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள், ரேட்டு நீங்கள் சொல்வதுதான்" என்றார். முதலாளி கவரை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "அவர் முப்பது வருஷம் நல்ல தூள் போட்டு இந்தப் பேரை வாங்கியிருக்கிறார், அதை நான் ஒரு ராத்திரியில் அடித்துத் தர முடியாது" என்றார். அன்றைக்கு மெஷினுக்கு வேறு வேலையும் இல்லை. அந்த மனுஷனிடம் இவ்வளவு வருஷம் வேலை பார்த்ததில் எனக்குப் பெருமைதான்.

பேர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக வருகிறது என்று கேட்டிருந்தாய். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பதிவு செய்த பிராண்டு அரிசிக்குத்தான் 5 சதவீதம் வரி. நிறைய வியாபாரிகள் பதிவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 2022 ஜூலையில் அதை மாற்றி, லேபிள் ஒட்டி 25 கிலோ வரை பையில் அடைத்தாலே வரி என்றார்கள். உடனே மூட்டை 26 கிலோ ஆகிவிட்டது. நமக்கும் தூக்க ஒரு கிலோ கூடுதல், வேறொன்றுமில்லை.

சரி, பேரன் விஷயத்துக்கு வருகிறேன். ஆறாயிரம் ரூபாய் ஷூ கேட்கிறான், நாம்தான் காலத்துக்கு ஒத்துவராதவர்களா என்று மனசொடிந்து எழுதியிருக்கிறாய். அவனைத் திட்டாதே, மாப்ளே. உன் கல்யாணத்துக்கு எச்.எம்.டி. வாட்ச்தான் வேண்டும் என்று நீ பிடித்த பிடிவாதம் எனக்கு மறக்கவில்லை. உன் மாமனார் மதுரைக்கு இரண்டு தடவை அலைந்தார். அந்த வயதுப் பையனுக்கு வகுப்பில் நாலு பேர் நடுவே கூசாமல் நிற்க வேண்டும், அதுதான் அவன் கேட்பது. அந்த வாட்ச் உன் கையில் எத்தனை வருஷம் ஓடியது என்று அவனிடம் சொல், முடிந்தால் எடுத்துக் காட்டு. அப்புறம் அவனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ. விலைச்சீட்டைப் பார்க்கும் முன்னால் அடிப்பாகம் தைத்ததா ஒட்டியதா, தேய்ந்தால் மாற்ற முடியுமா, இதே வேலைப்பாட்டில் வேறு பேரில் என்ன விலை என்று அவனையே கேட்கச் சொல். கேட்ட பிறகும் அதுதான் வேண்டும் என்றால் பாதி நீ போடு, மீதியை அவன் சேர்த்து வைக்கட்டும். கொஞ்ச மாதம் காத்திருந்து வாங்குகிற பொருளை அவன் வேறு மாதிரிப் போட்டுக்கொள்வான்.

உன் சர்க்கரை மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அட்டையை எடுத்து உற்றுப் பார். 2018-இலிருந்து மருந்தின் மூலப்பெயரை, கம்பெனி வைத்த பேரைவிட எழுத்தில் இரண்டு அளவு பெரிதாகப் போட வேண்டும் என்று விதி. இந்த விதி வந்த வருஷம் மாத்திரைப் பெட்டி டிசைன்களைத் திரும்பத் திரும்பத் திருத்தினோம், அதனால்தான் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன். அந்தப் பெரிய எழுத்துப் பேரைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போ. "இதே மருந்து, இதே அளவு, மக்கள் மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளலாமா" என்று நேராகக் கேள். அது மத்திய அரசின் மலிவு மருந்துக் கடை. தமிழ்நாடு அரசும் 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகம் என்று ஆயிரம் கடை திறந்ததே, உன் பக்கத்திலும் ஒன்று இருக்கும். டாக்டர் சரி என்றால் மட்டும் மாற்று, நீயாக மாற்றாதே. எனக்கு என் டாக்டர் சரி என்றார். மாத மருந்துச் செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது, சர்க்கரை அளவு பழையபடியேதான் இருக்கிறது.

இனி லேபிள். பேருக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம், உன் தெருவில் எல்லோரும் தங்கச்சியை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதையே வைக்கலாம். முன்பக்கம் பேர், 'பருப்புப்பொடி', எடை, மூன்றும் நன்றாகத் தெரியட்டும். எடையைப் பின்னால் ஒளிக்காமல் முன்னாலேயே பெரிதாகப் போட்டுவிடுவோம். படம் தேவை என்றால் ஒரு உரல் போதும், நெய் வழிகிற சோற்றுப் படமெல்லாம் வேண்டாம். பின்பக்கம் பொருள்கள் எடை வரிசையில், தயாரித்த தேதி, எவ்வளவு நாள் நல்லா இருக்கும், விலை, கிராம் விலை, முகவரி, குறை சொல்ல ஒரு போன் நம்பர், பச்சைப் புள்ளி. உணவுப் பாதுகாப்புப் பதிவை முதலில் வாங்கிவிடு, சிறு வியாபாரத்துக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அவர்கள் தருகிற 14 இலக்க எண் இல்லாமல் நான் பிளேட் போடமாட்டேன். எழுத்தை வயசானவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில் வைக்கிறேன், அது என் பொறுப்பு. நாளைக்குப் பருப்பு விலை ஏறினால் என்னைக் கூப்பிடு, விலையை மாற்றிப் புது பிளேட் போட்டுத் தருகிறேன். எடையை மட்டும் குறைக்கச் சொல்லாதே.

தங்கச்சியிடம் இரண்டு விஷயம் கேட்டு எழுது. துவரம்பருப்பும் பொட்டுக்கடலையும் என்ன கணக்கில் சேர்க்கிறது, பூண்டு உண்டா இல்லையா? பூண்டு போடாத வகை தனி என்றால் இரண்டு லேபிள் அடிக்க வேண்டும். காலண்டர் வேலை முடிந்து மார்கழியில்தான் மெஷின் கொஞ்சம் ஓயும், அதற்குள் விவரம் வந்தால் நல்லது. அதோடு கால் கிலோ பொடியும் அனுப்பு, வெறும் கவரில் கட்டி அனுப்பினால் போதும். வீட்டில் அந்தப் பழைய டப்பாவைக் கழுவாமல் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
உன் மாப்ளே