இரண்டு வண்டுகளுக்கு ஒரே அட்டை வேண்டாம்

பூச்சிக் காட்சியக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நீர்வண்டுத் தொட்டியில் முற்றிய புழுக்கள் மறுபடியும் செத்துப்போனதை நீங்கள் அறிவீர்கள். ‘வண்டுகள்: பராமரிப்பு’ என்ற அந்தப் பொது அட்டையை எடுத்துவிட்டு, இரண்டு இனங்களுக்கும் தனித்தனி அட்டை வையுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

நீர்வண்டான டைடிஸ்கஸ் மார்ஜினாலிஸ் குளத்தில் வாழ்வது. ஒனிமாக்ரிஸ் உங்குயிகுலாரிஸ் ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவன மணல்மேட்டில் வாழ்வது. இரண்டுக்குமே முன்னிறக்கைகளின் அடியில் காற்றறை உண்டு. வயிற்றின் மூச்சுத்துளைகள் அதற்குள்தான் திறக்கின்றன. ஒன்றுக்கு அது முங்கும்போது கொண்டுபோகும் காற்று. மற்றதற்கு, மூச்சோடு ஈரம் போய்விடாமல் தடுக்கும் காப்பு.

நீர்வண்டு பின்நுனியை நீர்மட்டத்துக்கு மேல் நீட்டித்தான் காற்றை மாற்றிக்கொள்ளும். பறந்துவிடுமே என்று கண்ணாடியால் மூடி, அதைத் தொடுமளவு நீர் நிரப்பினால் அது எங்கே மூச்சு விடும்? நாலு விரல் இடைவெளி விட்டு வலைமூடி போட்டால் போதும்.

புழுவின் பாடு இன்னும் கொடுமை. கூட்டுப்புழுவாகும் பருவத்தில் அது நீரைவிட்டுக் கரையேறி, ஈரமண்ணுக்குள் அறை குடைந்தாக வேண்டும். உங்கள் தொட்டியில் நாலு பக்கமும் கண்ணாடி. இரை எடுப்பதை நிறுத்திய புழு ஓரமாகவே சுற்றிச் சுற்றி வருகிறது, ஏறப் பார்த்துக் கால் வழுக்கி விழுகிறது, களைத்து மூழ்குகிறது. சரளைக்கல்லால் ஒரு சரிவும், அதன் மேல் ஒரு சாண் ஈரமண்ணும் இருந்தால் பிழைத்திருக்கும். ஒன்றையொன்று தின்னும் புழுக்களை ஒரே தொட்டியில் விடுவதும் அதே அட்டையின் உபயம்தான்.

பாலைவன வண்டுக்கோ தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறது அந்த அட்டை. மூடுபனி தினமும் வருவதில்லை. வரும்போது வண்டு மேட்டின் உச்சிக்கு ஏறி, காற்றைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்கும். முதுகில் திரளும் துளிகள் வாய்க்கு வழியும். 1976-இல் ஆய்வாளர்கள் ஹாமில்டனும் சீலியும் இதைப் பதிவுசெய்தார்கள். தட்டையான, எப்போதும் நனைந்த மணலில் பூஞ்சைதான் பிடிக்கும். மணலைக் குவித்து, காய விட்டு, எப்போதாவது குளிர்ந்த பனித்தூவல் கொடுங்கள்.

‘நமீப் வண்டுகள் எல்லாம் பனி குடிப்பவை’ என்ற பலகையும் தவறு. அப்படித் தலைகீழாக நிற்பவை மிகச் சில இனங்களே. விளக்குக்கும் பலகைக்கும் செலவிடும் நீங்கள், பராமரிப்பவருக்கு ஒரு நாள் பயிற்சிகூடத் தருவதில்லை என்பது எங்களுக்குப் பெரும் வருத்தம்.

அடுத்த ஈட்டுப் புழுக்கள் முற்றுவதற்குள் தயவுசெய்து அட்டையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இரண்டுக்கும் மாதிரி எழுதி இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பூச்சி வளர்ப்போர் சிலர்