கதிரின் கோச் மாறிவிட்டார்

முருகேசா,

தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? தங்கச்சிக்கும் வாண்டுகளுக்கும் எங்கள் விசாரிப்பைச் சொல். பொங்கலுக்கு நீ அனுப்பிய குரல் செய்திக்கு ஆடி மாதத்தில் பதில் எழுதுகிறேன், அதற்குத் திட்டுவதாக இருந்தால் மொத்தமாகத் திட்டிவிடு. உன்னை ஒரு வேலைக்கு வேறு இழுக்கப் போகிறேன், அதற்கும் சேர்த்து.

விஷயம் நம்ம கதிர். பிசியோதெரபி, பிசியோதெரபி என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன் போன மாதம் வந்து சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஃபுட்பால் கோச் ஆகப் போகிறேன் என்றான். நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி மோதுகிற அமெரிக்க ஆட்டம். அவன் ஆடுகிறவன் இல்லை, உனக்குத் தெரியும், அந்த உடம்பு நம்ம வம்சத்திலேயே கிடையாது. கல்லூரி அணிக்கு மாணவ உதவியாளன். பந்து எடுத்துப் போடுவது, தண்ணீர் கொடுப்பது, பயிற்சியை வீடியோ எடுப்பது. "தண்ணி பாட்டில் தூக்கறதுக்கா இவ்ளோ ஃபீஸ் கட்டறோம்?" என்று இவள் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் அவன் எந்த மாதிரி கோச் ஆகப் போகிறானாம் என்று கேட்டதில்தான் எனக்குத் தூக்கம் போனது.

எந்தக் கல்லூரி என்று எழுத மாட்டேன், நீ உடனே நம்ம செட் வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுவாய். பழைய கோச்சை நவம்பரில் துரத்திவிட்டார்கள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிற ரகம், ஒருத்தன் ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் மொத்த அணியும் ஸ்டேடியம் படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டும். புதிதாக வந்தவர் குரலையே உயர்த்துவதில்லையாம். பையன் தப்பு செய்தால் பக்கத்தில் போய் "நீ என்ன பார்த்தாய், ஏன் அந்தப் பக்கம் போனாய்?" என்று கேட்கிறாராம். கதிருக்கு இது பிடிக்கவில்லை. "சும்மா பேசிட்டே இருக்கார்ப்பா, பசங்க பயப்படவே மாட்டேங்கறாங்க" என்கிறான். இருபது வயதுப் பையன், என் மகன், பயம் போதவில்லை என்று குறைப்படுகிறான். பழைய கோச்தான் அவனுக்கு இன்னும் 'கோச்', புதியவரை 'அவர்' என்றுதான் சொல்கிறான்.

நான் இருப்பது அலபாமாவில். இங்கே முடிவெட்டுகிறவர் முதல் பல் பிடுங்குகிறவர் வரை அத்தனை பேரும் ஃபுட்பால் நிபுணர்கள். இத்தனை வருடம் அவர்கள் நடுவில் காதைத் திறந்து வைத்திருந்ததில் நானும் கால் நிபுணன் ஆகிவிட்டேன், பொறுத்துக்கொள். இங்கே நிக் சேபன் என்று ஒருத்தர் 2007 முதல் 2023 சீசன் வரை அலபாமா பல்கலைக்கழகத்தின் கோச்சாக இருந்தார், ஆறு தேசியப் பட்டம், அதற்கு முன்னால் எல்.எஸ்.யூ. என்கிற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒன்று. கதிரின் போனில் அவர் கத்துகிற கிளிப் வண்டி வண்டியாக இருக்கிறது. அணி நாற்பது பாயின்ட் முன்னால் இருக்கும்போதும் ஒரு பையன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்றால் ஹெட்செட் பறக்கும். கதிர் அந்தக் கத்தலை மட்டும் எடுத்துக்கொண்டான்.

ஆனால் அந்த மனிதர் கத்தியதால் ஜெயிக்கவில்லையடா. 1998ல் அவர் மிச்சிகன் ஸ்டேட்டில் இருந்தபோது நாட்டின் முதலிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டோடு ஆட்டம், ஜெயிப்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. லயனல் ரோசன் என்கிற மனநல மருத்துவப் பேராசிரியர் அவருக்குச் சொன்ன யோசனை இதுதான்: இந்த ஆட்டத்தில் ஒரு மோதல் ஏறக்குறைய ஏழு நொடிதான், பையன்களை ஸ்கோர்போர்டைப் பார்க்க விடாதே, அந்த ஏழு நொடியை மட்டும் பார்க்கச் சொல். 28-24 என்று ஜெயித்தார்கள். அதற்கப்புறம் அவருடைய மொத்த மதமும் அதுதான், 'பிராசஸ்' என்பார்கள், இங்கே டீ-ஷர்ட்டில்கூட அச்சடித்து விற்பார்கள். அவர் கத்துவது எப்போதும் வேலையைப் பற்றி, என்ன தப்பு என்று அந்தப் பையனுக்கும் தெரியும், சுற்றி நிற்கிறவர்களுக்கும் தெரியும். அலபாமாவில் முதல் வருடமே லூசியானா-மன்ரோ என்கிற சின்ன அணியிடம் சொந்த மைதானத்தில் தோற்றார், அதைக் கதிர் கிளிப் போட மாட்டான்.

2018 ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டம், ஜார்ஜியாவிடம் பாதி நேரத்தில் 13-0 என்று பின்தங்கல். அதுவரை அணியைக் கொண்டுவந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன்) ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு முதலாமாண்டுப் பையன் டுவா டகோவைலோவாவை இறக்கினார், 26-23 என்று பட்டம் வந்தது. நாடே பார்க்க உட்கார வைக்கப்பட்ட பையன் மறுவாரமே மூட்டை கட்டியிருக்கலாம். ஹர்ட்ஸ் இருந்தான். அந்த டிசம்பரில் மண்டல இறுதியில் அதே ஜார்ஜியாவோடு டுவாவுக்கு அடிபட்டபோது, பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஜெயித்துக் கொடுத்தான். ஆட்டம் முடிந்து அவனைப் பற்றிப் பேசும்போது அந்தக் கல்மூஞ்சிக் கிழவருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. கதிரிடம் நான் காட்ட வேண்டிய கிளிப் அது. பயந்த பையனாக இருந்தால் ஒரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து தயாராக இருந்திருப்பானா, சொல்.

சேபன் போனபிறகு வந்தவர் கேலன் டிபோர், அமைதியான ஆள். 2024 செப்டம்பர் கடைசியில் ஜார்ஜியாவை 41-34 என்று அடித்தபோது என் முடிவெட்டுகிறவர், "பார், இந்த நிதானம்தான் வேண்டும்" என்றார். சரியாக ஒரு வாரம் கழித்து நாஷ்வில் நகரத்து வான்டர்பில்ட் அணியிடம் 40-35 என்று தோல்வி. 1984க்கு அப்புறம் அவர்கள் அலபாமாவை ஜெயித்ததே இல்லை. நாஷ்வில்லில் ஜனங்கள் கோல்போஸ்ட்டைப் பிடுங்கி ஊர்வலமாகக் கொண்டுபோய் ஆற்றில் போட்டார்கள், நம்ம ஊர்ப் பிள்ளையார் கரைக்கிறது மாதிரி. அடுத்த தடவை கத்தரியோடு நின்ற அதே ஆள், "ரொம்ப சாஃப்ட், பசங்களுக்குப் பயமே இல்லை" என்கிறார். கதிர் சொன்ன அதே வார்த்தை! ஜெயித்தால் நிதானம், தோற்றால் சாஃப்ட்.

இன்னொரு பரம்பரை இருக்கிறது, இது உனக்குப் பிடிக்கும். 1954ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிக்குப் புதிய கோச்சாக வந்த 'பேர்' பிரயன்ட் (கரடி என்று பட்டப்பெயர்), பையன்களை ஜங்ஷன் என்கிற வறண்ட ஊருக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் பத்து நாள் வெயிலில் வறுத்தெடுத்தார், பயிற்சியில் தண்ணீர் கிடையாது. பாதிக்கு மேல் ஓடிப்போனார்கள். அந்த வருடம் ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி. ஆனால் 1956ல் மண்டலப் பட்டம் வந்ததும் அந்தப் பத்து நாள் புராணமாகிவிட்டது. ஓடாமல் நின்றவர்களில் ஒருவர் ஜீன் ஸ்டாலிங்ஸ். அவர் பின்னால் அலபாமாவுக்குக் கோச்சாகி 1992ல் பட்டம் வாங்கினார். அந்த அணியில் உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பையன், டேபோ ஸ்வினி. வீட்டுக் கஷ்டத்தில் அம்மாவும் கல்லூரி அறைக்கே வந்துவிட, அம்மாவோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன். அந்த ஸ்வினிதான் பிற்பாடு கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் கோச். ஜங்ஷனிலிருந்து நேரே இறங்கிய வம்சம், ஆனால் இவர் பையன்களைக் கட்டிப்பிடிக்கிறார், பயிற்சிக் கட்டடத்துக்குள் சறுக்குமரம் கட்டி வைத்திருக்கிறார். 2017 ஜனவரியில் சேபனையே 35-31 என்று அடித்தார். ஒரு நொடி மிச்சமிருக்கும்போது கடைசி பந்தைப் பிடித்த ஹன்டர் ரென்ஃப்ரோவும் தானாக வந்து ஒட்டிக்கொண்டவன்தான். ஒட்டிக்கொண்டு வந்தவனின் அணியில் அப்படி வருகிறவனுக்கு இடம் இருந்தது. அது சுவரில் எழுதி வருகிற கலாசாரம் இல்லை. ஆனால் அதே குடும்பப் பாசத்தால்தான், மற்ற அணிகள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கிற பட்டியல்) ஆட்களை அள்ளிக்கொண்டிருந்த வருடங்களில் இவர் பிடிவாதமாக ஏறக்குறைய யாரையும் சேர்க்காமல் பின்தங்கிப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும்.

டியான் சாண்டர்ஸ் பற்றிக் கதிரிடம் கேட்டுவிடாதே, ராத்திரி முழுக்கப் பேசுவான். கொலராடோ பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாக வந்த முதல் கூட்டத்திலேயே பழைய ஆட்களைப் போர்ட்டலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவர். ஒரு வெற்றி பதினோரு தோல்வியிலிருந்த அணியை இரண்டாம் வருடத்தில் ஒன்பது வெற்றிக்குக் கொண்டுவந்தார், அதுவும் ஒரு வழி. எனக்கு அதில் கலாசாரம் தெரியவில்லை, ஆட்கள் மாறியதுதான் தெரிகிறது.

இப்போது உண்மையில் எழுத உட்கார்ந்த விஷயம். மேரிலாண்ட் பல்கலைக்கழக அணியில் 2018 மே 29, பயிற்சியில் ஓட்டம். ஜோர்டன் மெக்நேர், 19 வயது, ஆறடிக்கு மேல் உயரம். ஓட்டத்தில் தள்ளாடினான். வெப்பத் தாக்கு. அதற்கு மருந்து ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை முருகேசா, தொட்டியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி ஆளை உடனே அதில் இறக்க வேண்டும், முதலில் குளிர வை, அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. அரை மணிக்குள் செய்தால் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிறார்கள். அன்றைக்கு அது செய்யப்படவில்லை. ஜூன் 13 இறந்துபோனான். ஆகஸ்டில் பத்திரிகைக்காரர்கள் தோண்டியபோதுதான் மற்றதெல்லாம் வெளியே வந்தது: ஜிம்மில் சின்ன எடைக்கற்களைத் தூக்கி எறிவது, குண்டான பையனை மிட்டாய் தின்றுகொண்டே மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்க வைப்பது. விசாரணைக் குழு எழுதியதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். விஷக் கலாசாரம் என்கிற வார்த்தையை அவர்கள் ஏற்கவில்லை. பையன்களில் பலர் வாய் திறக்கப் பயந்ததால் கோளாறுகள் உள்ளுக்குள்ளேயே புழுத்துக்கொண்டிருந்தன என்ற பொருளில் எழுதினார்கள். கோச் டிஜே டர்க்கினை அக்டோபர் 30 அன்று நிர்வாகக் குழு வேலையில் தொடரலாம் என்றது, மறுநாளே பல்கலைக்கழகத் தலைவர் நீக்கினார்.

இதில் நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயம், இந்த எடைக்கல் வேலையெல்லாம் பெரும்பாலும் உடற்பயிற்சி கோச்சின் கையில். சீசன் இல்லாத மாதங்களில் பெரிய கோச் பையன்களோடு இருக்கும் நேரத்துக்கு விதி கட்டுப்பாடு உண்டு, அப்போதெல்லாம் அவர்களை வைத்திருப்பது இந்த ஆள்தான். கோச் டிவியில் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், கோடையில் ஜிம் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறதோ அதுதான் அந்த அணி. கதிர் ஆசைப்படுவதும் அந்த வேலைக்குத்தான்.

நம்ம விசில் சாரை நினைத்துப் பார். தண்ணீர் குடித்தால் தசை பிடிக்கும் என்று மே மாத வெயிலில் குழாயைப் பூட்டி வைத்த மனுஷன். சுப்புணி மயங்கி விழுந்தபோது ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி "எழுந்திருடா நடிகா" என்றார். அவருடைய சாவுக்கு நாம் ரெண்டு பேரும் பஸ் பிடித்துப் போய் அழுதோம், இப்போதும் அவர் பேரைச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைக்கும். அதுதான் சிக்கல். பிழைத்தவர்களுக்கு எப்போதும் அன்பு இருக்கும். ஜங்ஷனில் நின்றவர்களும் அப்படித்தான் கொண்டாடினார்கள். கதிரும் அந்தப் படிக்கட்டு ஓட்டத்தைக் கீழே தண்ணீர் வைத்துக்கொண்டு பார்த்தவன், ஓடியவன் இல்லை.

கத்துகிற கோச்சா, பேசுகிற கோச்சா என்பதெல்லாம் எனக்கு இப்போது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு பையன் "முடியலை சார்" என்றால் அந்த மைதானத்தில் அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்பதைத்தான் கேட்கிறேன். நான் இதைச் சொன்னால் அப்பா புலம்பல். நீ சொன்னால் கேட்பான், முப்பது வருடம் கபடிப் பசங்களைக் கத்தியும் கெஞ்சியும் வளர்த்தவன் நீ. அந்த நாமக்கல் மேட்சை நடுவில் ஏன் நிறுத்தினாய், நிர்வாகம் உன்னை என்ன பாடுபடுத்தியது என்பதை அவனுக்குச் சொல். கோச் ஆகாதே என்று சொல்ல வேண்டாம், அதை இவள் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் முகாம் தொடங்குகிறது, அதற்கு முன்னால் பேசிவிடு. ஞாயிறு உங்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு அவனுக்குக் காலை பத்தரை, அப்போதுதான் எழுந்திருப்பான். நான் எழுதினேன் என்று சொல்லாதே, தோள்பட்டைக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று கேட்பது மாதிரி ஆரம்பி. திண்டுக்கல் கதையை மட்டும் எடுக்காதே, அவன் அம்மாவிடம் சொல்லிவிடுவான்.

உன்,
சேகர்