ஆவணி முகூர்த்தம் வர்றதுக்குள்ள, கொங்கு நாட்டுல கல்யாணம் பேசி முடிக்கற பெரியவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்யாணச் சீரெல்லாம் முன்ன நின்னு நடத்தி வெக்கற அருமைக்காரருங்களுக்கும், திருமணத் தகவல் மையம் நடத்தற அண்ணன் அக்காமாருக்கும், ஜாதகக் கட்டைப் பையில வெச்சுக்கிட்டு ஊர் ஊராப் போற தரகர் மாமாக்களுக்கும், ஒவ்வொரு விசேஷ வீட்லயும் "பையனுக்கு ஏதாச்சும் அமைஞ்சுதா"ன்னு கேக்கற ஒரம்பரைப் பெரியவங்க எல்லாத்துக்கும் வணக்கமுங்க.

நான் வெள்ளகோவில் பக்கத்துல ஒரு கிராமமுங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். வயசு முப்பதத் தாண்டிருச்சு, நான் ஒரு கே. பொண்ணுங்க மேல எனக்கு அந்த மாதிரி ஈர்ப்பு எப்பவுமே இருந்ததில்ல, ஆம்பளைங்க மேல தான், வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அப்படித்தான். பேரை இங்க போடாததுக்குக் காரணம் எங்கம்மாவும் அப்பாவும், அவங்க தெனமும் அதே சொசைட்டில தான் பால் ஊத்தணும், அதே மாரியம்மன் நோம்பிக்குத்தான் மாவெளக்கு எடுக்கணும்.

இதை ஏன் உங்களுக்கு எழுதறேன்னா, வீட்ல நான் விஷயத்தைச் சொன்னப்போ எங்கம்மா சாமி குத்தம்னோ பாவம்னோ ஒரு வார்த்தை சொல்லலீங்க. ரொம்ப நேரம் அழுதாங்க, அப்பறம் "வயசான காலத்துல உன்னைய யாரு கண்ணு பாப்பாங்க"ன்னு கேட்டாங்க, அதுக்கு நான் ஏதோ பதில் சொன்னேன். அடுத்து "ஒரம்பரை மூஞ்சில நான் எப்படி முழிப்பேன், கல்யாண வீட்ல நாலு பேரு கேட்டா என்னன்னு சொல்லுவேன்"ன்னாங்க. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அந்த நாலு பேரு நீங்கதானுங்க, பதில் உங்ககிட்டதான் இருக்கு.

அப்பா ரொம்ப நாள் எங்கூட பேசல, கெணத்து மோட்டார் ஓடலைன்னாக் கூட அம்மா மூலமாத்தான் சொல்லி விடுவாரு. இப்ப நல்லா பேசறாரு. ஆனா விசேஷ வீடுகளுக்குப் போறதை விட்டுட்டாரு, மொய்க் கவரை பங்காளிங்க யார்கிட்டயாச்சும் குடுத்து விட்டுடறாரு, ஏன்னா பந்தில உக்காந்தா பக்கத்து எலைக்காரரு மொதல்ல என்ன கேப்பாருன்னு அவருக்குத் தெரியும். மகன் மேல இருந்த கோவம் போயிருச்சு, உங்க மேல இருக்கற பயம் போகலீங்க. எனக்குத் தெரிஞ்ச எங்கள மாதிரி பசங்க வீடுகள்ல பாதிக்கு மேல இதே கதைதான், பெத்தவங்க எப்படியோ மனசைத் தேத்திக்கறாங்க, ஊருக்குப் பயந்துதான் மறுபடி ஜாதகத்தைத் தூக்கறாங்க.

இன்னொரு விஷயமும் இருக்குங்க, வெளிய யாரும் பேசறதில்ல. நம்ம பக்கம் பொண்ணு கெடைக்காத காலம் இது, முப்பத்தஞ்சு நாப்பது வயசுப் பசங்க தோட்டங்காடு இருந்தும் கல்யாணம் ஆகாம நிக்கறாங்க, பாலக்காடு தாண்டிப் போயெல்லாம் பொண்ணு பாத்துட்டு வர்றாங்க. அந்தக் கூட்டத்துக்குள்ள நாங்களும் ஒளிஞ்சுக்கறோம். கல்யாணம் ஆகலையான்னு கேட்டா "ஒண்ணும் அமையல"ன்னு ஒரு பதில், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனா அந்தப் பொய்க்குப் பின்னாடி ஒரு அப்பா தரகருக்கு பணம் குடுத்துக்கிட்டே இருக்காரு, ஒரு அம்மா பரிகாரத்துக்கு திருமணஞ்சேரி வரைக்கும் போய்ட்டு வர்றாங்க, அக்கா தம்பி கல்யாணத்துல இணைச்சீர் சடங்கு பண்ணணும்னு வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருக்கா. மகனுக்கு உண்மை தெரியும், வாயத் தொறக்க முடியல. வீடே இப்படிக் கெடந்து வெசனப்படறதை நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்.

அப்பறம் சில பேரு கடைசில தலையாட்டிடறாங்க. "ஒரு கால்கட்டைப் போட்டா எல்லாம் சரியாயிரும்"னு நீங்க சொல்ற அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் இந்த மடலையே எழுதறேன். சரியாகாதுங்க. இது சகவாசத்துல வந்தது இல்ல, மருந்துக்கோ மந்திரிக்கறதுக்கோ போறதும் இல்ல. 1990லயே உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்துருச்சு, மாத்தறேன்னு சொல்லி ஒரு டாக்டர் ட்ரீட்மெண்ட் குடுத்தா அது தொழில் ஒழுங்கு மீறல்னு 2022ல தேசிய மருத்துவ ஆணையமே சொல்லிருச்சு. டாக்டரே செய்யக் கூடாதுன்னு இருக்கறதை தாலி கட்டி செய்யப் பாக்கறீங்க. அந்தப் பக்கம் ஒரு பொண்ணு இருக்காளே, அவளை யாராச்சும் ரோசனை பண்ணுனீங்களா? அவ டிகிரி முடிச்சுட்டு ஆயிரம் கனவோட வருவா, ஆறு மாசம் ஒரு வருஷம் புருஷன் ஏன் நம்மளத் தொடறதில்லைன்னு தெரியாம தனக்குத்தான் ஏதோ கொறைன்னு நெனச்சு அழுவா, மாமியார் வேற இன்னும் விசேஷம் இல்லையான்னு கேக்க ஆரம்பிச்சிருப்பாங்க. பொறவு வெவரம் தெரிஞ்சா பஞ்சாயத்து, குடும்ப கோர்ட்டு, போட்ட நகையைத் திருப்பிக் குடுங்கறதுல ரெண்டு குடும்பமும் கீரியும் பாம்புமா ஆயிருது. முடிச்சு வெச்ச நீங்க அப்ப அங்க இருக்கறதில்லீங்க. அந்தப் பொண்ணுக்கு நடக்கறது பெரிய அநியாயம், எனக்கு நடக்கறதை விட அதைத்தான் நான் பெருசா நெனைக்கறேன்.

பொண்ணுங்க பொண்ணுங்களை விரும்பற வீடுகள்ல நெலமை இன்னும் மோசம். பையன்னா வேலையச் சாக்கு வெச்சு திருப்பூர்லயோ பெங்களூர்லயோ தப்பிச்சுக்கலாம். பொண்ணுன்னா மொதல்ல போனைப் புடுங்குவாங்க, அப்பறம் வேலையை விடச் சொல்லுவாங்க, அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம். 2025 மே மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஒரு கேஸ் வந்துச்சு, குடியாத்தம் பக்கம், 25 வயசுப் பொண்ணு, அவ தோழியோட இருக்கணும்னு சொன்னதுக்கு வீட்ல அடிச்சு, அவளை "சரி பண்ண" சடங்கெல்லாம் பண்ண வெச்சிருக்காங்க, போலீஸும் பெத்தவங்க கூடவே அனுப்பி விட்டிருக்கு. ரெண்டு ஜட்ஜுங்க அந்தப் பொண்ணை நேர்ல கூப்பிட்டு நீ என்னம்மா நெனைக்கறேன்னு கேட்டாங்க, அவ சொன்னதை வெச்சு அவளை அவ தோழியோட அனுப்புனாங்க, குடும்பம்ங்கறது கல்யாணத்துல மட்டும் உண்டாகறது இல்லைன்னும் தீர்ப்புல எழுதுனாங்க. அவளைக் கூப்பிட்டு கேட்டாங்க பாருங்க, அதைத்தான் நம்ம வீடுகள்ல யாரும் செய்யறதில்ல.

அதே தீர்ப்புல லீலா சேத் அம்மாவைப் பத்தியும் பேசியிருக்காங்க. இந்தியாவுல ஒரு ஹைகோர்ட்டுக்கு தலைமை நீதிபதியா வந்த மொதப் பொம்பளை அவங்கதான், 1991ல இமாச்சல்ல. அவங்க மூத்த பையன் எழுத்தாளர் விக்ரம் சேத். எங்கள மாதிரி ஆளுங்களைக் குத்தவாளியாப் பாத்த 377வது சட்டப் பிரிவை 2013ல சுப்ரீம் கோர்ட் மறுபடி உயிர்ப்பிச்சப்போ, என்ற மகனை இந்தச் சட்டம் குத்தவாளி ஆக்குதுன்னு அந்தம்மா பேப்பர்லயே எழுதுனாங்க. எல்லா அம்மாவும் அப்படி இருக்க முடியாதுன்னு ஜட்ஜுங்களே ஒத்துக்கறாங்க, எங்கம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, அவங்க பேப்பர்ல எழுத வேண்டாம், கல்யாண வீட்ல நிம்மதியா உக்காந்து சாப்பிட்டுட்டு வந்தாப் போதும் எனக்கு.

இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம், நம்ம பக்கம் ஏதுன்னு கேப்பீங்க. சரி, வெளிநாட்டையே பேசலாமுங்க, திருப்பூர்ல அதுதானே பொழப்பு. நெதர்லாந்துல 2001ல இருந்து ரெண்டு ஆம்பளையோ ரெண்டு பொம்பளையோ சட்டப்படி கல்யாணம் பண்ணிக்கலாம், உலகத்துலயே மொத நாடு அதுதான். அங்கிருந்து வர்ற ஒரு பையர் எங்க முதலாளி பொண்ணு கல்யாணத்துக்கு அவரோட புருஷனைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தாரு. மண்டபத்து வாசல்ல ரெண்டு பேருக்கும் சந்தனம் குடுத்து பன்னீர் தெளிச்சு கூட்டிட்டுப் போய் மொத வரிசையில உக்கார வெச்சாங்க. பெரியவங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க, ரெண்டு பேருக்கும் வேட்டி கட்டி விட்டு, எலையில எதை எதோட சேத்து சாப்பிடணும்னு சொல்லிக் குடுத்தாங்க. அவரு "மை ஹஸ்பண்ட்"னு சொன்னது எல்லார் காதுலயும் விழுந்துச்சு, ஒருத்தரும் மூஞ்சி சுளிக்கல. எனக்கு அன்னிக்கு உண்மையிலயே சந்தோஷமா இருந்துச்சுங்க, நம்ம சனங்களோட மரியாதை அப்படி. அந்த மரியாதையில கொஞ்சம் நம்ம வயித்துல பொறந்ததுக்கும் குடுங்கன்னுதான் கேக்கறேன். வானவில் பிரிண்ட் போட்ட டி-சர்ட்டை நம்ம ஊர்லயே தெச்சு செக்கிங் பேக்கிங் முடிச்சு கப்பல் ஏத்தறோம், ஃபேக்டரி செவுத்துல ஒட்டியிருக்கற ஈ.டி.ஐ. விதிகள்ல (வெளிநாட்டு கம்பெனிங்க கேக்கற தொழிலாளர் நல விதிகள்) ஜாதி, மதம், கல்யாணம் ஆனவரா இல்லையா, பாலீர்ப்பு இதையெல்லாம் வெச்சு பாகுபாடு காட்டக் கூடாதுன்னு ஒரே வரியில இருக்கு, ஆடிட் வந்தா அதுக்கு கையெழுத்தும் போடறோம்.

வெளிநாடுன்னா எல்லா எடத்துலயும் நல்லா இருக்குன்னு சொல்ல வரலீங்க. உகாண்டாவுல 2023ல தூக்கு தண்டனை வரைக்கும் போற சட்டம் போட்டாங்க, மலேசியாவுல வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பழைய சட்டத்தை இன்னும் கட்டிக்கிட்டு இருக்காங்க. அதே சட்டத்தை சிங்கப்பூர் 2022ல எடுத்துருச்சு. நேபாளத்துல 2023ல ஒரு ஜோடிக்கு கல்யாணம் பதிவு பண்ணிக் குடுத்தாங்க, தாய்லாந்துல 2025 ஜனவரி 23ல இருந்து சட்டமாவே ஆயிருச்சு. அங்கயும் கோயில் இருக்கு, கூட்டுக் குடும்பம் இருக்கு, அப்பா அம்மா சொல் மீறக் கூடாதுங்கற வழக்கம் இருக்கு.

எனக்கு எச்சா புடிச்சது அயர்லாந்து கதைதான். சர்ச்சு சொல்றதுதான் சட்டம்னு இருந்த நாடு, 1993 வரைக்கும் இது அங்க குத்தம், விவாகரத்தையே 1995ல ஓட்டெடுப்பு வெச்சுத்தான் ஒத்துக்கிட்டாங்க. அந்த நாட்டுல 2015 மே மாசம் சனங்களே ஓட்டுப் போட்டு, நூத்துக்கு 62 பேரு தன்பாலீர்ப்பாளர் கல்யாணத்துக்கு சரின்னாங்க. அதுக்கு முன்னாடி காலேஜ் பசங்க ஒரு பிரச்சாரம் பண்ணுனாங்க, உங்க பாட்டிக்கு போன் போட்டுப் பேசுங்கன்னு. பேரன் பேத்தி கூப்பிட்டு, அப்பத்தா இது எனக்கு முக்கியம், நீ ஓட்டுப் போடுன்னு கேட்டாங்க. பெருசுங்க மனசு மாறாதுன்னு அவங்க முடிவு கட்டல, நானும் அப்படி நெனைக்கல, அதனாலதான் எளவட்டங்களுக்கு எழுதாம உங்களுக்கு எழுதறேன்.

பயமும் இல்லாம இல்லீங்க. உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுல 2016 மார்ச்ல பட்டப்பகல்ல நடந்ததை நாம எல்லாரும் டிவில பாத்தோம், பெத்தவங்க பேச்சை மீறி மனசுக்குப் புடிச்சவனைக் கட்டுன பொண்ணோட புருஷனை வெட்டுனாங்க. ஆணும் பொண்ணும் ஜாதி மாறிக் கட்டுனதுக்கே அப்படின்னா எங்களுக்கு என்ன நடக்கும்னு நாங்க நெனைக்கறதுல தப்பு சொல்ல முடியுமா? நீங்க பெரியவங்களா நின்னு கை ஓங்கறவனை அடக்கற எடத்துல இருக்கறவங்க.

மெட்ராஸ் ஹைகோர்ட் ஜஸ்டிஸ் ஆனந்த் வெங்கடேஷ் 2021ல ஒரு காரியம் பண்ணுனாரு. மதுரையில இருந்து வந்த ரெண்டு பொண்ணுங்க கேஸு அது. எனக்கு இதைப் பத்தி சரியாத் தெரியாது, மொதல்ல நான் தெரிஞ்சுக்கணும்னு கோர்ட்லயே சொல்லிட்டு ஒரு மனநல நிபுணர்கிட்ட போய் உக்காந்து கேட்டுக்கிட்டு, எங்கள மாதிரி ஆளுங்க கிட்டயும் பேசிட்டு வந்து உத்தரவு போட்டாரு. அவ்ளோ பெரிய பதவியில இருக்கறவரு கத்துக்கறதுக்கு எறங்கி வந்தாரு. உங்களுக்கும் அது முடியும்.

எனக்கு கல்யாணம் பண்ணி வைங்கன்னு நான் கேக்கல, அதுக்கு 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டே எடம் குடுக்கல, பார்லிமெண்ட்தான் முடிவு பண்ணணும்னு சொல்லிருச்சு, அது வேற போராட்டம். உங்ககிட்ட கேக்கறது ரொம்ப சின்ன விஷயமுங்க. ஜாதகம் கையில வாங்கறதுக்கு முன்னாடி பையனைத் தனியாக் கூப்பிட்டு, அப்பா அம்மா பக்கத்துல இல்லாம, உனக்கு இதுல முழு சம்மதமா சாமின்னு கேளுங்க. பொண்ணையும் அதே மாதிரி ஒரு பொம்பளை ஆளை வெச்சுக் கேளுங்க. வேண்டாம்னு சொன்னா ஏன்னு தோண்ட வேண்டாம், அந்தப் பேச்சை வேற யார் காதுக்கும் கொண்டு போக வேண்டாம், "இப்ப ஒண்ணும் சரியா அமையலீங்க, பாத்துக்கலாம்"னு பெத்தவங்ககிட்ட நீங்களே சொல்லி அந்த ஜாதகத்தை எடுத்து வெச்சுருங்க. யாராச்சும் தைரியமா வந்து நான் இப்படித்தான்னு சொல்லிட்டா, அவங்க அப்பாகிட்ட போய், இது ஒண்ணும் அதிசயமில்லப்பா, நாங்க இருக்கறோம், நீ விசேஷத்துக்கு வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பந்தில பக்கத்து எலைக்காரர் வாயை உங்களால ஒரு பார்வையிலயே அடக்க முடியும், நான் பாத்திருக்கேன்.

உங்க மையத்து ஃபார்ம்ல ராசி, நட்சத்திரம், எந்தக் குலக் கூட்டம், குலதெய்வக் கோயில், தோட்டம் எத்தனை ஏக்கரு, வாடகை வருமானம் எவ்வளவு, எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. "சம்மதம் யார்கிட்ட நேர்ல கேட்டது, என்னிக்கு"ன்னு ஒரு கட்டம் சேத்துருங்க. ஆடி முடியறதுக்கு இன்னும் நாள் கெடக்கு, புது ஃபார்ம் அடிக்கற செலவை நானே குடுத்துடறேன்.

இப்படிக்கு,
வெள்ளகோவில் பக்கத்து ஊர்ப் பையன்,
திருப்பூர்ல இருந்து