பழைய மாணவர் விடுதிகளை இடிக்காமல் மரக் கட்டுமானத்தால் புதுப்பித்து விரிவாக்கக் கோரும் மனு

அனுப்புநர்: விடுதி மாணவர் நலக் குழுவினர்
பெறுநர்: உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: பழைய விடுதிக் கட்டடங்களின் மேலும் பக்கவாட்டிலும், தொழிற்சாலையில் செய்து கொண்டுவரப்படும் மரப் பகுதிகளைப் பொருத்தி அறைகளைக் கூட்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

பழுதடைந்த விடுதிகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் யோசனை தங்கள் பரிசீலனையில் இருப்பதாக அறிகிறோம். அவ்வாறு செய்தால், பணி முடியும்வரை மாணவர்கள் வெளியில் வாடகைக்கு அறை தேட வேண்டும். அதற்கு வசதியில்லாதவர்கள் படிப்பையே பாதியில் நிறுத்த நேரும் என்பதுதான் எங்கள் முதல் கவலை. கூரை ஒழுகுவதாலும் குழாய்கள் துருப்பிடிப்பதாலும் மட்டுமே ஒரு கட்டடத்தின் தூண்களும் அஸ்திவாரமும் வலுவிழந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

பலகைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி ஒட்டிய கனமான மரப்பலகங்களின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ. கான்கிரீட்டின் எடையோ ஏறத்தாழ 2,400 கிலோ. ஆகவே, பழைய அஸ்திவாரத்தில் எஞ்சியிருக்கும் தாங்குதிறனுக்குள்ளேயே ஓரிரு தளங்களை மேலே எழுப்ப இயலுமா என்று ஆராய்வதற்கு நல்ல இடமிருக்கிறது. சுவர்களை அளவெடுத்து வெட்டி, சன்னலும் வெப்பக்காப்பும் பொருத்திக் கொண்டுவந்து கிரேனால் ஏற்றுவதால், இரைச்சலும் தூசியும் நிறைந்த வேலையின் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2017-இல் திறக்கப்பட்ட 18 மாடி மாணவர் விடுதியின் மரச் சட்டகம் 70 நாள்களுக்குள் எழுப்பி முடிக்கப்பட்டது. அது புதுக் கட்டடம்தான். எனினும் இம்முறையின் வேகத்துக்கு அது போதிய சான்று.

மரம் என்றதும் தீயைப் பற்றிய அச்சம் எழுவது நியாயமே. கனமான மரத்தின் மேற்பரப்பு கருகும்போது உருவாகும் கரிப்படலம் உள்ளிருக்கும் மரத்துக்கு வெப்பம் பரவுவதைத் தாமதப்படுத்துகிறது. கருகும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டு, அதற்கேற்பக் கூடுதல் தடிமன் வைக்கிறார்கள். ஆயினும் அதை மட்டும் நம்பி மாணவர்களைத் தங்கவைக்கக் கூடாது. மேற்சொன்ன விடுதியிலும் மரத்தை ஜிப்சம் பலகைகளால் மூடி, தானியங்கி நீர்த்தெளிப்பான்களையும் அமைத்துள்ளனர். ஈரம் தங்கினால் மரம் உளுத்துப்போகும் என்பதால் கூரைக்கும் குளியலறைகளுக்கும் தனிக் கவனம் தேவை. எடை குறைந்த தளங்களில் மேல்மாடிக் காலடியோசை கீழே எளிதில் கேட்கும். படிக்கும் இடத்தில் இது சிறிய குறையன்று என்பதால், ஒலித்தடுப்பு அடுக்கைச் செலவுக் குறைப்பின் பெயரால் நீக்கிவிடாதிருக்க வேண்டுகிறோம்.

எனவே, இடிப்பு குறித்து முடிவெடுக்கும் முன் ஒவ்வொரு கட்டடத்தின் அஸ்திவாரம், தூண்கள், காற்று மற்றும் நிலநடுக்கத் தாங்குதிறன் ஆகியவற்றைக் கட்டமைப்புப் பொறியாளர்களைக் கொண்டு ஆய்வுசெய்து, அறிக்கையை மாணவர்களும் காணுமாறு வெளியிட ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். தகுதியுள்ள கட்டடங்களில், வரைபட நிலையிலேயே தீயணைப்புத் துறையின் கருத்தைப் பெற்று, விடுமுறைக் காலத்தில் ஒரு பகுதி முடிந்தபின் அடுத்த பகுதி என்ற முறையில் பணிகளை நடத்த வேண்டும். தலைக்கு மேல் கிரேன் இயங்கும் நாள்களில் அப்பகுதி மாணவர்களுக்கு வளாகத்துக்குள்ளேயே மாற்று அறை தர வேண்டும். விரிவாக்கச் செலவைக் காரணம் காட்டி, இப்போது தங்கியிருப்போரின் விடுதிக் கட்டணத்தை உயர்த்தாதிருக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
விடுதி மாணவர் நலக் குழுவினர்