அப்பாவுக்கு: 28 அடிச் சரிவுப் பாதை பற்றி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சின்ன மகள் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் பெரியம்மாவும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

போன வாரம் போனில் கேட்டீர்களே, "பிள்ளைகளோட விளையாடுறதுக்கா சர்ச்சில சம்பளம் கொடுக்கிறாங்க?" என்று. அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். போனில் இதையெல்லாம் விளக்க ஆரம்பித்தால் பாதியில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அதனால்தான் கடிதம். கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நான் வேலை பார்ப்பது ஒஹாயோ மாநிலத்தில் ஒரு மெதடிஸ்ட் சபையில். என் பதவிக்கு யூத் டைரக்டர் என்று பெயர். நம் சபைக் கணக்கில் சொன்னால் வாலிபர் சங்கச் செயலாளர், ஓய்வுநாள் பள்ளி சூப்பிரண்டு, மணியடித்துக் கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோவில்குட்டி மூன்று பேரும் சேர்ந்த ஒரே ஆள். எங்கள் போதகர் ஒரு அம்மா. இதைச் சொன்னால் நம் ஊரில் இன்னும் புருவம் தூக்குவார்கள். மெதடிஸ்டுகள் 1956-லேயே பெண்களுக்கு முழுக் குருத்துவ உரிமை கொடுத்துவிட்டார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் என் பொறுப்பு. ஞாயிறு மாலையும் புதன் மாலையும் கூடுகை. ரெஜிஸ்டரில் 31 பேர். வருவது 14. சாக்கர் போட்டி இருந்தால் எட்டு. ஞாயிற்றுக்கிழமையும் பார்க்காமல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கிறார்கள். அதைக் கேட்க இங்கே ஆள் இல்லை.

ஊழியத்தில் பாதி காகிதம் அப்பா. பிள்ளையை வேனில் ஏற்ற வேண்டும் என்றால் பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிப் படிவம், என்ன மருந்து சாப்பிடுகிறான், எதைத் தின்றால் ஒத்துக்கொள்ளாது, இன்சூரன்ஸ் எண் எல்லாம் வேண்டும். என்னை வேலைக்கு எடுக்கும் முன்பே போலீஸ் வழக்கு ஏதாவது உண்டா என்று அலசிவிட்டார்கள். இதைவிடப் பெரியது, எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி. குறைந்தது இரண்டு பெரியவர்கள். வகுப்பறைக் கதவுகளில் கண்ணாடி ஜன்னல் உண்டு, அதில் பேப்பர் ஒட்டக் கூடாது. அப்பா அம்மா பிரிந்துபோகிறார்கள் என்று ஒரு பெண் பிள்ளை ஒருநாள் விம்மி விம்மி அழுதாள். நம் ஊராக இருந்தால் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்திருப்பேன். இங்கே ஹாலுக்கு வெளியே படிக்கட்டில், நாலு பேர் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து பேசினேன். முதலில் இந்த விதி எனக்கு அவமானமாக இருந்தது, என்னைச் சந்தேகப்படுகிறார்களோ என்று. இப்போது, நம் விடுதிகளில் இப்படி ஒன்று ஏன் இல்லை என்று தோன்றுகிறது.

சரி, மலைக்குப் போன கதைக்கு வருகிறேன்.

கோடையில் ஒரு வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே அப்பலாச்சிய மலைப் பக்கம் போனோம். அங்கே ஏழைகளின் வீடுகளைப் பழுதுபார்க்கிற வேலை. 1969-இல் டெக்ஸ் எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் ஐம்பது பேரைப் பார்பர்வில் என்ற ஊருக்குக் கூட்டிவந்து நான்கு வீடுகளைச் சரிசெய்தார். அப்படித்தான் அப்பலாச்சியா சர்வீஸ் ப்ராஜெக்ட் தொடங்கியது. இப்போது கோடைதோறும் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் போகிறார்கள். கூலி கிடையாது. நாம்தான் பணம் கட்ட வேண்டும். ஆம் அப்பா, காசு கொடுத்து மண்வெட்டி பிடிக்கிறோம்! அதற்காக லெந்து தொடங்குவதற்கு முந்தின நாள் சபையில் பான்கேக் சுட்டு விற்றோம். எத்தனை சுட்டேன் என்று எண்ணவில்லை. ஒரு வாரம் முடியில் மாவு வாசனை போகவில்லை.

தங்கியது ஒரு பள்ளிக்கூடத்தில். வகுப்பறைத் தரையில் காற்றடைத்த மெத்தை. காலையில் ஏழு ஏழு பேராகப் பிரித்து அனுப்புவார்கள். எங்கள் குழுவில் ஐந்து பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள். எங்களுக்குக் கிடைத்தது நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்துபோன ஒரு தாத்தாவின் டிரெய்லர் வீடு. மனைவி சக்கர நாற்காலியில். வாசல் தரையிலிருந்து 28 அங்குல உயரம், மரப்படிகள் உளுத்துப்போய்விட்டன. பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும்.

இனி உங்கள் துறை. இங்கே சக்கர நாற்காலிப் பாதைக்கு ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்று கணக்கு. 28 அங்குலத்துக்கு 28 அடி. முற்றத்தில் அவ்வளவு இடம் இல்லை. அதனால் 14 அடி போய், ஒரு மேடையில் திரும்பி, மறுபடி 14 அடி, மலைப்பாதை வளைவு மாதிரி. திங்களும் செவ்வாயும் குழி தோண்டினோம். மேலே ஒரு சாண் மண், கீழே பாறை. சொந்தமாகக் கட்டில் விரிப்புகூட மாற்றாத பிள்ளைகள் கடப்பாரையால் நெம்பினார்கள். புதன்கிழமை காலை ரசமட்டம் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வாசல் மேடையின் பலகைத் தடிமனை அளவில் சேர்க்க மறந்துவிட்டேன். தப்பு என்னுடையது. மூன்று கம்பங்களைப் பிடுங்கி மறுபடி நட்டோம். பதினைந்து வயசுப் பையன் ஒருவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், இந்த அக்கா அழப்போகிறாளா என்று. "எங்க அப்பா பி.டபிள்யூ.டி. ஓவர்சியர், அவர் இங்கே இருந்தால் இந்த மட்டத்தாலேயே என் தலையில் போட்டிருப்பார்" என்றேன். அதற்குப் பிறகு ரசமட்டம் அவன் கையை விட்டுப் போகவே இல்லை. மத்தியானம் படுக்கும்போதும் நெஞ்சின் மேல் வைத்துக் குமிழியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். மூச்சு விட்டால் குமிழி அசைகிறதாம்.

மத்தியானச் சாப்பாட்டை அந்த வீட்டாரோடு உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், அது அங்கே வழக்கம். தாத்தா இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குவார். கரித்தூசி நுரையீரலில் படிந்த நோய். அதற்கு நாடு முழுவதும் இழப்பீடு தரும் சட்டம் 1969-இல்தான் வந்தது. சுரங்கம் தோண்டத் தொடங்கி எத்தனை தலைமுறைக்குப் பிறகு என்று பாருங்கள். வியாழக்கிழமை அவர் நிலத்தைப் பற்றிச் சொன்னார். இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்தில் கம்பெனி ஆட்கள் வந்து மலையில் இருந்தவர்களிடம் பத்திரம் எழுதி வாங்கினார்கள். மேல்மண் உனக்கு, கீழே இருக்கிற நிலக்கரி எங்களுக்கு. ஏக்கருக்கு ஐம்பது சென்ட் கொடுத்தும் வாங்கியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போட்டார்கள். பிற்பாடு புல்டோசர் வந்தபோது, கரியை எடுக்க மேல்மண்ணையும் வீட்டுத் தோட்டத்தையும் புரட்டலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. 1965-இல் ஆலி கோம்ப்ஸ் என்ற 61 வயது விதவை தன் நிலத்தில் புல்டோசருக்கு முன்னால் போய்ப் படுத்துவிட்டார். போலீஸார் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நன்றி கூறும் பண்டிகை விருந்தை அந்த அம்மா ஜெயிலில் சாப்பிட்டார். அந்தப் பத்திரங்களின் பல்லைப் பிடுங்க 1988 வரை ஆனது. மாநில அரசியல் சட்டத்தையே ஓட்டுப் போட்டுத் திருத்த வேண்டியிருந்தது.

பிள்ளைகள் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். தின்னவே மறந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டி தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கினார். முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அஞ்சல் பெட்டி வரை போய், அதைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. மூடிவிட்டுத் திரும்பி வந்தார். அவ்வளவுதான். எங்கள் எல்லாருக்கும் தொண்டை அடைத்துவிட்டது.

திரும்பி வந்த ஞாயிறு ஆராதனையில் படம் காட்டினோம். பாட்டி இறங்குகிற படத்துக்குப் பலத்த கைதட்டல். அப்புறம் பிள்ளைகளில் ஒருத்தி எழுந்து, நான் சொல்லிக்கொடுக்காததை, கேட்டாள்: "அந்த வீட்டுக்குக் கீழே இருந்து எடுத்த கரி விற்ற பணம் எங்கே போனது? ஏன் நாம் போய் அவர்களுக்குப் படி கட்ட வேண்டியிருக்கிறது?" சபை அப்படியே அமைதியாகிவிட்டது. ஆராதனை முடிந்ததும் கமிட்டியில் மூத்தவர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "சர்வீஸ் நல்லது, செய்யுங்கள். பிள்ளைகளுக்குள் அரசியலைக் கொண்டுவர வேண்டாம்" என்றார். நல்ல மனிதர்தான். எங்கள் மரச் செலவில் பாதி அவர் கொடுத்தது. மெதடிஸ்ட் சபை 1908-இல் வெளியிட்ட சமூக அறிக்கையை அவரிடம் காட்டினேன். குழந்தைத் தொழிலை ஒழிக்க வேண்டும், தொழிலால் வரும் நோயிலிருந்து தொழிலாளிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. "1908-லா?" என்று கேட்டுவிட்டு காபி எடுக்கப் போய்விட்டார். போதகர் அம்மா, அடுத்த தடவை தன்னிடம் முன்கூட்டியே சொல்லிவிடும்படி மட்டும் சொன்னார்.

அடுத்த மாதம் முழுக்கப் புதன்கிழமைகளில் பிள்ளைகளோடு இதைப் பற்றியே பேசினோம். ஜேம்ஸ் லாசன் என்று ஒருவர், இந்த ஒஹாயோவில் வளர்ந்தவர், மெதடிஸ்ட்காரர். 1950-களில் நாக்பூருக்கு மிஷனரியாகப் போய்க் காந்தியின் வழியைக் கற்றுக்கொண்டு வந்து, நாஷ்வில் நகரத்து மாணவர்களுக்கு, கறுப்பருக்கு இடம் தராத உணவகங்களில் போய், அடி வாங்கினாலும் திருப்பி அடிக்காமல் உட்காரப் பயிற்சி கொடுத்தார். அவரிலிருந்து மார்ட்டின் லூதர் கிங்குக்குப் போனோம். கிங் 1959-இல் நம் பக்கம் வந்தது உங்களுக்குத் தெரியுமே, கன்னியாகுமரி வரை. திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றதாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆமாம், நானும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டாராம். 1965-இல் அட்லாண்டாவில் தன் சபையில் பிரசங்கம் செய்தபோது அவரே இதைச் சொன்னார்.

ரசமட்டக்காரப் பையன் கையைத் தூக்கினான். "தீண்டப்படாதவர் என்றால் என்ன?" சொன்னேன். "உங்கள் ஊர்ச் சர்ச்சிலும் அது இருக்கிறதா?"

அப்பா, நான் அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆராதனையில் எல்லாரும் ஒன்றாகத்தான் உட்காருகிறோம், ஒரே கிண்ணத்தில்தான் இராப்போஜனம், அசனத்துக்கு ஊரே ஒரு பந்தியில் உட்காருகிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். எல்லாம் உண்மைதான். நான் கல்லறைத் தோட்டத்துச் சுவரைச் சொன்னேன். கிழக்குப் பக்கம் நமக்கு, மேற்குப் பக்கம் அவர்களுக்கு. நடுவில் சுவர். மழையில் அது இடிந்து விழுந்தபோது நான் பத்தாம் வகுப்பு. அப்படியே விட்டுவிடலாம் என்று வாலிபர்கள் மனு கொடுத்தார்கள். கமிட்டி மறுபடி கட்டியது. அதற்கு எஸ்டிமேட் போட்டு, கொத்தனாருக்குப் பக்கத்தில் நின்று மட்டம் பார்த்துக் கட்டிக்கொடுத்தது நீங்கள். ஒரு ரூபாய் வாங்கவில்லை, சபைக்குச் செய்கிற சேவை என்றீர்கள். அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் நான். சுவர் எவ்வளவு நேராக இருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பிள்ளைகளிடம் இதையும் சொன்னேன். உங்களைத் தப்பாகச் சொல்லவில்லை அப்பா. என் பெருமையைத்தான் சொன்னேன். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. போகும்போது அந்தப் பையன் மட்டும் "உங்கள் அப்பா ரசமட்டம் வைத்திருந்தாரா?" என்று கேட்டான். வைத்திருந்தார் என்றேன்.

இதையெல்லாம் எழுதலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்தேன். கோபப்பட்டால் கடிதத்திலேயே கோபப்படுங்கள், அம்மாவைத் தூது விட வேண்டாம்.

இன்னொன்று. மூட்டுவலியால் பெரியம்மா இப்போதெல்லாம் கோவில் படியேறுவதில்லை, வெளியே வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் பிரசங்கம் கேட்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். தெற்கு வாசல் படிகள் மொத்தம் எத்தனை அங்குல உயரம் என்று அளந்து எழுதுங்கள். சரிவுப் பாதைக்கு நான் இங்கிருந்தே வரைந்து அனுப்புகிறேன். மேடைத் தடிமனை இந்தத் தடவை மறக்க மாட்டேன். டேப்பைக் கையில் எடுத்ததும் எடுத்தீர்கள், அப்படியே பின்னால் போய் அந்தச் சுவரின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். பழைய அளவு உங்கள் நோட்டில் இருக்கும், ஆனாலும் ஒருமுறை நேரில் பார்த்து அளந்து எழுதுங்கள். இடிக்க எத்தனை ஆள், எத்தனை நாள் ஆகும் என்று உங்களைவிடச் சரியாகக் கணக்குப் போட நம் சபையில் வேறு யார் இருக்கிறார்கள்?

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் என் முத்தங்கள்.

உங்கள் அன்பு மகள்