அணுக்கரு பிளந்தால் துகள் எதுவும் அழிவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அணுமின்சாரம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இயற்பியலுக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரைக்கு ஆதாரமான வாக்கியமே தப்பாகப் போய்விட்டது. யுரேனியம் அணு பிளக்கும்போது அதிலுள்ள துகள்களில் சில அழிந்து ஆற்றலாக மாறுகின்றன என்று சொல்கிறது கட்டுரை. ஹிரோஷிமா குண்டில் இருந்த 64 கிலோ யுரேனியமும் ஆற்றலாக மாறியது என்று பெட்டிச் செய்தியும் போட்டிருக்கிறீர்கள். பிளஸ் டூ பிள்ளைகள் இந்தப் பக்கங்களை வெட்டி வைத்துப் படிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் துகள்களை எண்ணிப் பார்ப்போம். யுரேனியம்-235 அணுக்கருவில் புரோட்டான் 92, நியூட்ரான் 143. வெளியிலிருந்து ஒரு நியூட்ரான் வந்து சேர்ந்தால் மொத்தம் 236. அது பிளக்கும் வழிகள் பல. அதில் ஒன்று, பேரியம்-141, கிரிப்டான்-92, தனியாக மூன்று நியூட்ரான்கள். 141, 92, 3 கூட்டினால் 236. புரோட்டான் கணக்கும் சரிதான்: பேரியத்தில் 56, கிரிப்டானில் 36, ஆக 92. உள்ளே போனது அத்தனையும் வெளியே வந்துவிட்டது. ஒரு துகள்கூட அழியவில்லை.

ஆனால் நிறையைப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. பிளப்பதற்கு முன் 236.053 அணு நிறை அலகு (ஒரு அலகு ஏறக்குறைய ஒரு புரோட்டானின் நிறை), பிளந்த பின் 235.867. குறைந்தது 0.186. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. துகள்கள் எல்லாம் இருக்கும்போது நிறை மட்டும் எப்படிக் குறையும்? இந்தக் கேள்வியைத்தான் கட்டுரை தாண்டிப் போய்விட்டது.

அணுக்கருவின் நிறை என்பது அதிலுள்ள துகள்களைத் தனித்தனியாக நிறுத்துக் கூட்டிய தொகை அல்ல. அவை எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன, ஒன்றையொன்று எவ்வளவு தள்ளுகின்றன என்பதும் நிறையில் சேரும். யுரேனியத்தில் 92 புரோட்டான்கள் ஒன்றையொன்று மின்விசையால் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைக் கட்டிவைத்திருக்கும் அணுக்கரு விசை பலமானது, ஆனால் மிகக் குறுகிய தூரத்துக்குத்தான் எட்டும். நியூட்ரான் வந்து சேர்ந்ததும் அணுக்கரு குலுங்கி நீளவாக்கில் இழுபடுகிறது, நடுவில் இடுப்பு போல ஒடுங்குகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அணுக்கரு விசை எட்டாமல் போக, மின்விசை இரு துண்டுகளையும் உதறித் தள்ளுகிறது. நொடிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் துண்டுகள் சுற்றியுள்ள அணுக்களில் மோதி, ஒரு தலைமுடியின் தடிமன் தூரம்கூடப் போகாமல் நின்றுவிடுகின்றன. அந்த மோதல்தான் வெப்பம். இப்படி வெளியேறும் ஆற்றலுக்கு ஏற்பத்தான் நிறை குறைகிறது. பிறகு நடப்பது தண்ணீரைக் கொதிக்க வைத்து டர்பைனைச் சுற்றுவதுதான்.

இதைக் கண்டுபிடித்த இயற்பியலாளர் லீசே மைட்னரின் பெயரே கட்டுரையில் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1938 டிசம்பரில் பெர்லினில் வேதியியலாளர்கள் ஓட்டோ ஹானும் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தின் மீது நியூட்ரானைச் செலுத்தியபோது, யுரேனியத்தைவிட மிக லேசான பேரியம் வந்தது. ஏன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. அவர்களோடு பல ஆண்டுகள் வேலை பார்த்த மைட்னர் யூத வம்சாவளி என்பதால் அந்த ஆண்டு ஜூலையில்தான் ஜெர்மனியை விட்டுத் தப்பி சுவீடன் வந்திருந்தார். ஹான் கடிதத்தில் விஷயத்தை எழுதினார். கிறிஸ்துமஸ் சமயம் குங்கெல்வ் என்ற ஊரில் மைட்னரும் அக்காள் மகன் ஓட்டோ ஃபிரிஷும் பனியில் நடந்துகொண்டே பேசி, ஒரு மரத்தண்டின் மேல் உட்கார்ந்து கிடைத்த தாள்களில் கணக்குப் போட்டார்கள். அவர்கள் முதலில் பார்த்தது மின்விசையைத்தான். இரண்டாகப் பிரியும் துண்டுகள் ஒன்றையொன்று தள்ளுவதால் சுமார் 200 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) ஆற்றல் வர வேண்டும். அப்புறம் மைட்னர் அணுக்கருக்களின் நிறையை நினைவிலிருந்தே கணக்கிட்டார். குறையும் நிறை ஒரு புரோட்டானில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதை ஐன்ஸ்டைனின் ஈ=எம்சி ஸ்கொயர் சமன்பாட்டில் (ஆற்றல் = நிறை × ஒளி வேகத்தின் வர்க்கம்) போட்டால் அதே 200 மில்லியன். தள்ளியது மின்விசை. சமன்பாடு அந்தக் கணக்கைச் சரிபார்க்க உதவியது. 1944ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. அந்த அநியாயத்தைப் பற்றி இன்னொரு கடிதமே எழுதலாம்.

ஈ=எம்சி ஸ்கொயர் என்றாலே அணுகுண்டு நினைவுக்கு வருவது உங்கள் கட்டுரையாளருக்கு மட்டும் அல்ல. 1946 ஜூலையில் டைம் இதழின் அட்டையில் ஐன்ஸ்டைன் முகத்துக்குப் பின்னால் காளான் மேகமும் அதன் மேல் அந்தச் சமன்பாடும் இருந்தன. ஆனால் அவர் 1905இல் எழுதிய சிறிய கட்டுரையில் அணுக்கருவே கிடையாது. அணுக்கரு என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. ஒரு பொருள் ஆற்றலை வெளிவிட்டால் அதற்கேற்ப அதன் நிறை குறையும் என்பதுதான் அவர் சொன்னது. எந்தப் பொருளானாலும், எந்த வகை ஆற்றலானாலும் அப்படித்தான்.

எங்கள் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. கூடங்குளத்தில் 1000 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஓடும்போது, உலைக்குள் சுமார் 3000 மெகாவாட் வெப்பம் உண்டாகிறது. ஒரு நாள் வெப்பத்தைச் சமன்பாட்டில் போட்டால் குறையும் நிறை ஏறக்குறைய 3 கிராம். அதற்காக ஒரு நாளில் பிளக்கும் எரிபொருள் ஏறக்குறைய 3 கிலோ. ஆயிரத்தில் ஒரு பங்கு என்று மேலே சொன்னது இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள். சரி, தூத்துக்குடியில் 1050 மெகாவாட்டுக்குக் கட்டிய அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அது முழு அளவில் ஓடினால் அங்கேயும் ஏறக்குறைய அதே வெப்பம்தான். அப்படியானால் அங்கேயும் நிறை ஒரு நாளைக்கு 3 கிராம் அளவுக்குக் குறைந்தே தீரும்! நிலக்கரியும் ஆக்சிஜனும் சேர்ந்து இருந்த நிறையைவிட வெளியே போகும் புகை, சாம்பல் எல்லாவற்றின் நிறையும் அவ்வளவு குறைவு. ஆனால் அந்த 3 கிராம் பத்தாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட நிலக்கரியில் பரவிக் கிடப்பதால் எந்தத் தராசிலும் தெரியாது.

ஆக, அணுமின்சாரத்தையும் நிலக்கரி மின்சாரத்தையும் பிரிப்பது இந்தச் சமன்பாடு அல்ல, அணுக்கருவுக்குள் இருக்கும் விசைகளின் பலம். கார்பன் அணு ஒன்று எரிந்தால் கிடைப்பது சுமார் 4 எலெக்ட்ரான் வோல்ட், யுரேனியம் அணு ஒன்று பிளந்தால் 20 கோடி.

ஒரு கிராம் மண்ணிலிருந்து 2.5 கோடி யூனிட் மின்சாரம் எடுக்கலாம் என்று வாட்ஸப்பில் சுற்றும் வீடியோக்களுக்கும் இதுதான் பதில். பெருக்கல் சரி. ஆனால் மண்ணிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களை முழுக்க ஆற்றலாக்க வழி இல்லை. அதற்கு அதே அளவு எதிர்ப்பொருள் (சாதாரணப் பொருளைச் சந்தித்தால் இரண்டுமே அழிந்துவிடும் எதிர்த்துகள்களால் ஆனது) வேண்டும். அதை உண்டாக்கச் செலவாகும் ஆற்றல் கிடைப்பதைவிடப் பல மடங்கு. புரோட்டான் தானாகச் சிதைகிறதா என்று ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே என்ற நிலத்தடி ஆய்வுக்கூடத்தில் 50,000 டன் தண்ணீரை வைத்து 1996 முதல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று சிதைந்ததற்குக்கூட இன்னும் சான்று கிடைக்கவில்லை.

துகள் நிஜமாகவே அழிந்து ஆற்றலாவதை வாசகர்களுக்குக் காட்ட வேண்டுமா? பெட் ஸ்கேன் பற்றி எழுதுங்கள். புற்றுநோய் மருத்துவமனைகளில் நோயாளிக்கு ஃப்ளோரின்-18 கலந்த குளுக்கோஸை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். அந்த ஃப்ளோரின் சிதையும்போது எலெக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான் வெளிவருகிறது. அருகிலுள்ள எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டுமே இல்லாமல் போய், 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன. அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துத்தான் கட்டி எங்கே இருக்கிறது என்று இயந்திரம் கண்டுபிடிக்கிறது.

கடைசியாக, பெட்டிச் செய்தியில் திருத்த வேண்டியவை. ஹிரோஷிமா குண்டில் யுரேனியம் 64 கிலோ என்பது சரி. அதில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. நிறையில் குறைந்தது ஏறத்தாழ 0.7 கிராம், 15,000 டன் டிஎன்டி வெடிமருந்து வெடித்ததற்குச் சமமான ஆற்றல். அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தையும் மைட்னர் பெயரையும் அதே அளவு பெட்டியில் வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை (ஓய்வு),
தூத்துக்குடி